சூடு ஏறாத கையகலம்

மத்தியானம் ஒன்றரை மணி. சித்திரை மாதக் கடைசி. அடையாறு காந்தி நகரில், ஆற்றை ஒட்டிப் போகிற கடைசித் தெரு...

செந்தில், சிரிக்காதே. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? அந்த வெயிலில், அந்தத் தெருவில் போய் நின்று பார். ஒரு ஆள் கிடையாது. நாய்கூட கார் அடியில் போய்ப் படுத்துவிடும். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். சர்க்... சர்க்... ஆற்றிலிருந்து சேற்று வாசனை. எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருக்கும், உள்ளே ஏசி ஓடும். கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதில், அந்த ஒன்றரை மணிக்கும் நடுராத்திரிக்கும் வித்தியாசமே இல்லை.

அந்தத் தெருக்கோடியில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நம் ஷ்ரவணின் அக்கா ஸ்ரீலக்ஷ்மி அங்கேதான் வேலை பார்த்தாள். இதோ, ஷ்ரவண் உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் முதலில் சொல்லச் சொன்னேன். "நீயே சொல்லு. நான் சொன்னா அப்பறம் ஆத்துக்குத் தனியாத் திரும்பிப் போக மாட்டேன்" என்றுவிட்டான். தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

சாய்மா, அந்த மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைவாகத் தள்ளி வை. மயிலாப்பூர் முழுக்க இருட்டாகத்தான் இருக்கிறது. கரண்ட் வரும்போது வரட்டும்.

ஸ்ரீலக்ஷ்மி டாக்டர் இல்லை. ஃபிசிக்ஸ் படித்தவள். புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் வைப்பார்கள் அல்லவா, சில பேருக்கு அதோடு சூடும் வைப்பார்கள். நெருப்பால் இல்லை. ஒலியால். நம் காதுக்கு எட்டாத ஒலியை ஒரு பலகை வழியாக உள்ளே அனுப்பினால் சதை சூடாகும். நாற்பத்து மூன்று டிகிரி. அந்தச் சூட்டில் கட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் அது பலவீனமாகிவிடும், கதிர் நன்றாக வேலை செய்யும். சூடு குறைந்தால் பிரயோஜனம் இல்லை. கூடினால் நல்ல சதையும் வெந்துவிடும்.

அப்படிப் பிடித்து வைப்பது மனிதர் இல்லை. மெஷின். கட்டிக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகளைச் செருகியிருப்பார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெப்பமானி. ஒலி வருகிற பலகையில் சின்னச் சின்னச் சதுரங்கள். எந்த இடம் ஆறுகிறதோ, அதற்கு மேலே இருக்கிற சதுரத்தின் பலத்தை மெஷின் தானாகவே ஏற்றிக் கொடுக்கும். எந்த இடம் சுடுகிறதோ, அங்கே தானாகவே இறக்கும். அதிகமாக உழைக்கிற சதுரம் திரையில் சிவப்பாகத் தெரியும். ஏன் ஆறுகிறது, யார் ஆற்றுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆறினால் கூட்டு. சுட்டால் குறை. அவ்வளவுதான்.

அந்த மெஷினுக்குக் கீழே வந்து படுத்தவர் வடிவேலு. நொச்சிக்குப்பத்துக்காரர், கடலுக்குப் போகிறவர். வலது கையில், தோளுக்குக் கீழே கட்டி. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சூடு சரியாகப் பிடித்துக் கட்டி சுருங்கினால் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். சுருங்காவிட்டால் கையையே எடுக்க வேண்டும்.

வலை இழுக்கிற கை.

கூட வருகிறவள் அவருடைய இரண்டாவது மனைவி அன்புச்செல்வி. கடற்கரைச் சாலையில் மீன் விற்பவள். காலை வியாபாரம் முடிந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அவரை அழைத்து வர முடியும். அதனால்தான் அந்த ஒன்றரை மணி. எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள். அப்படியும் நர்ஸ் பக்கத்தில் வந்தால் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

முதல் நாள், இழையெல்லாம் செருகி முடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மி சொன்னாள்: "வலிச்சா உடனே சொல்லணும். பொறுத்துண்டு இருக்கப்படாது."

"அட இன்னா மேடம், கொளுத்துற வெயில்ல நடுக்கடல்ல நின்னவன் நானு. இது ஒரு சூடா?"

ஸ்ரீலக்ஷ்மி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அன்புச்செல்வி அவளுக்குப் பின்னால் நின்றாள். மெஷினுக்குச் சத்தமே கிடையாது. பலகைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப்பை. அதில் தண்ணீர் சுற்றுகிற சத்தம் மட்டும். குளுக்... குளுக்... குளுக்...

சூடு ஏறியது. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. எல்லா இழையும் வந்து நின்றுவிட்டன... ஒன்றைத் தவிர. நடுவில் இருந்தது ஏறவில்லை. மெஷின் அந்த இடத்துக்கு இன்னும் தள்ளியது. அது இறங்கியது. முப்பத்தாறு. முப்பத்து நான்கு.

ஸ்ரீலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் ரத்தம் எவ்வளவு ஓடினாலும் உடம்புச் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர வைக்காதே? தண்ணீர்ப்பை தோலை மட்டும்தான் ஆற்றும். இந்த இழை இருந்தது ஆழத்தில், எலும்புக்குப் பக்கத்தில்.

"எப்படி இருக்கு?" என்று மைக்கில் கேட்டாள்.

வடிவேலு கண்ணை மூடியிருந்தார். "நடுவுல மட்டும் சில்லுனு கீது மேடம். நல்லாத்தான் கீது."

"மச்சி, வெயில் காலத்துல ஃப்ரீ ஏசிடா" என்கிறான் செந்தில். சிரியுங்கள். வடிவேலுவும் அப்போது சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். அதுதான் விஷயம்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறாரு?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"தூக்கம் வந்துடுத்தோ என்னமோ."

"தூங்குனா வாயைப் பொளந்துக்கினு கெடப்பாரு மேடம். இது வேற..." அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "எங்கிட்ட ஒரு நாள் இப்பிடி சிரிச்சதில்ல."

அப்போதுதான் ஸ்ரீலக்ஷ்மிக்கு அந்த வாசனை வந்தது. ஸ்பிரிட் வாசனை இல்லை, மீன் வாசனையும் இல்லை. பச்சையாக... மரிக்கொழுந்து. அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

("அக்கா துப்பட்டாலயும் வந்துது" என்கிறான் ஷ்ரவண். "அம்மா ரெண்டு தரம் தோச்சா. போகலை.")

அடுத்த தடவைக்குள் ஸ்ரீலக்ஷ்மி பலகையை மாற்றினாள். இழைகளை மாற்றினாள். சதைக்குப் பதிலாக ஒரு ஜெல்லிக் கட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். சொன்ன இடமெல்லாம் சொன்னபடி சூடேறியது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. வடிவேலு வந்து படுத்தார். மறுபடியும் நடுவில் ஆறத் தொடங்கியது. இந்த முறை நடுவில் மட்டும் இல்லை. திரையில் ஒரு சதுரம் சிவந்தது. பக்கத்தில் ஒன்று. அதற்கு மேலே வரிசையாக நான்கு கோடு. கீழே, பக்கவாட்டில், குட்டையாக இன்னொரு கோடு...

ஒரு கை. ஆண்பிள்ளைக் கை இல்லை. அவர் கட்டியின் மேல் யாரோ கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். மெஷின் அதைச் சூடாக்கப் பார்த்தது. அந்தக் கை சூடாகவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி திரையை மறைக்க நினைத்தாள். அதற்குள் அன்புச்செல்வி பார்த்துவிட்டாள். முந்தானைக்குள்ளிருந்து தன் கையை எடுத்தாள். அந்தச் சிவப்புக் கைமேல், திரையில் படாமல், விரித்துப் பிடித்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அதில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"படகு கயித்துல மாட்டி ஒடஞ்ச வெரலு" என்றாள் மெதுவாக. "ஊட்டுல போட்டோவுல கூட அப்பிடித்தான் கீது."

அவ்வளவுதான். ஸ்ரீலக்ஷ்மி தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். படுத்திருந்தவரின் இடது கையைப் பிடித்து உலுக்கினாள். "மாமா! யாரு மாமா அங்க? யார்கிட்ட சிரிக்கிற?"

திரையில் எல்லாச் சதுரமும் ஒரே நேரத்தில் சிவந்தது. அந்தக் கை இறுக்கிப் பிடித்த மாதிரி. மெஷின் முழு பலத்தையும் கொடுத்தது... அந்தச் சமயம் பார்த்துக் கை எடுபட்டது.

நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. டக்! மெஷின் தானாகவே நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் வடிவேலு அலறிவிட்டார். தோலில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அறை முழுக்க மரிக்கொழுந்து வாசனை.

டாக்டர் வந்து பார்த்தார். இன்னொரு தடவை இப்படிச் சுட்டால் சூட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுவேன், பிறகு கத்திதான் என்றார். அவரிடம் அந்தச் சிவப்புக் கையைப் பற்றி யார் சொல்வது? ஸ்ரீலக்ஷ்மி சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அன்புச்செல்வி சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீலக்ஷ்மியும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தேவானை அக்கா" என்றாள் அன்புச்செல்வி, கேட்காமலே. "மஞ்சக்காமாலைல பூட்டாங்க. நான் வர்றதுக்கு முன்னாலயே. மரிக்கொழுந்து இல்லாம தல வார மாட்டாங்களாம். மாமாதான் சொல்லும். சொல்லிக்கினே இருக்கும்."

"நீங்க பயந்துண்டிருக்கேள். அதனாலதான்..."

"பயமா? அய்ய... எனக்குப் பயமெல்லாம் இல்ல மேடம். வயித்தெரிச்சல்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உசுரோட கீறவளா இருந்தா முடியப் புடிச்சு இழுத்துப் போட்டு ரெண்டு கேக்கலாம். செத்தவங்களோட இன்னா சண்ட போடுறது? அவங்களுக்கு வயசு ஏறாது. கத்த மாட்டாங்க. மீன் நாத்தம் அடிக்காது. நான் மட்டும் கெழவி ஆய்க்கினே வரேன்."

பிறகுதான் ஒரு புடவை விஷயத்தைச் சொன்னாள்.

அவர்கள் பக்கத்தில், கணவன் இருக்கும்போதே சுமங்கலியாகப் போய்விட்டவளைப் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவார்கள். ஆடி மாதம் அவளுக்குப் புதுப் புடவை, பூ, வளையல் எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். பின்னால் வந்தவள்தான் தன் கையால் படைக்க வேண்டும். படைத்த பிறகு அந்தப் புடவையை அவளே கட்டிக்கொள்ளலாம். புடவை யார் உடம்பிலும் படாத கோடியாக இருக்க வேண்டும். அது முக்கியம்.

"போன ஆடிக்கு டி.நகர் போயி மாமாவே எடுத்துக்கினு வந்துச்சு. மயில்கழுத்துக் கலரு. எனக்கு ஒரு நாள் அந்த மாதிரி எடுத்துக் குடுத்ததில்ல. வருசா வருசம் நல்ல பொடவை அவங்களுக்கு. அவங்களுக்கு வச்ச மிச்சம் எனக்கு." மூக்கைச் சிந்தினாள். "ஒரே ஒரு வாட்டி நான் மொதல்ல கட்டணும்னு தோணுச்சு. மாமா கடலுக்குப் போயிருக்கும்போது ஒரு கண்ணாலத்துக்குக் கட்டிக்கினு போயிட்டு வந்தேன். அப்பறம் கோடி மாதிரி மடிச்சு, ஸ்டிக்கர ஒட்டி, படையல்ல வச்சிட்டேன். நான் கட்டுன எச்சல் அவங்களுக்குப் போவட்டும்னு."

"அவருக்குத் தெரியுமா?"

"மாமாவுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அன்புச்செல்வி, ஆடி மாதம் வரட்டும் என்று காத்திருக்காமல், படையல் போட்டாள். கோடிப் புடவை. கடையில் விரித்துக்கூடக் காட்ட விடவில்லையாம். கண்ணாடி வளையல், மரிக்கொழுந்து, வடை, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. போட்டோவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, "தப்புத்தான்க்கா, கையை எடுத்துரு" என்று கேட்டாளாம்.

கேட்டது கிடைத்தது.

அடுத்த தடவை, எல்லா இழையும் நாற்பத்து மூன்றில் வந்து நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. சதுரங்கள் எல்லாம் வெளிறி அமைதியாக இருந்தன. மரிக்கொழுந்து வாசனை இல்லை. ஸ்ரீலக்ஷ்மி சந்தோஷத்தில் திரும்பி அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போது ஸ்பீக்கரில் குரல் வந்தது. "மேடம்... எங்க போனா?"

வடிவேலுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எல்லா எடமும் சூடா கீது மேடம். நிறுத்து. வேணாம்... நிறுத்து."

அதற்கப்புறம் அவர் வரவில்லை.

ஒன்றரை மணிக்கு அந்தத் தெருவில் அன்புச்செல்வி மட்டும் தனியாக நடந்து வந்தாள். சர்க்... சர்க்... ஸ்ரீலக்ஷ்மி வாசலிலேயே நின்றிருந்தாள். நடுவில் விட்டுவிட்டால் இதுவரை செய்தது எல்லாம் வீண் என்று அவளுக்குத் தெரியும்.

"வர மாட்டேன்றாரு. கை போனா போவுதுன்றாரு." அன்புச்செல்வி மூச்சு வாங்கினாள். "'அவ புடிச்ச கைதானே, அவகிட்டயே போவட்டும்'னு சொல்றாரு மேடம். நான் எதிர்ல நின்னுக்கினு கீறேன். என்னப் பாத்துக்கினேதான் சொன்னாரு."

ஸ்ரீலக்ஷ்மி அவளை உள்ளே உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அன்புச்செல்வி குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்கும்போது அவள் முகம் மாறியிருந்ததாம். மீன் பேரத்தில் கடைசி விலை சொல்கிறவள் மாதிரி.

"சரி மேடம். நாளைக்கு இட்டுக்கினு வரேன்" என்றாள்.

மறுநாள் வடிவேலு வந்தார். தானே முன்னால் நடந்து வந்தார். தலை வாரியிருந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நர்ஸிடம் எல்லாம் கேலி பேசினார். அவர் உள்ளே போனதும் ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள்: "எப்படி ஒத்துண்டார்?"

"அவரக் கேக்கல. அக்காவக் கேட்டேன்." அன்புச்செல்வி கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போட்டோகிட்ட நின்னு ஒடச்சுப் பேசிட்டேன். 'சோத்துக்கு வழி பண்ற கை எனக்கு வேணும். அந்த வலது கையத் தொடாத. எடது கைய நீ வச்சுக்கோ. நான் கேக்க மாட்டேன், அந்தப் பக்கம்கூட வர மாட்டேன்.' அவ்வளவுதான். காலைல எந்திருக்கும்போதே சிரிச்சிக்கினுதான் எந்திரிச்சாரு."

"இப்படியெல்லாம் பேசப்படாது" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அவள் குரலே அவளுக்கு யாருடையதோ மாதிரி கேட்டதாம்.

மெஷின் ஓடியது. குளுக்... குளுக்... வலது கையில் நாற்பத்து மூன்று டிகிரி ஆடாமல் அசையாமல் நின்றது. படுக்கையின் அந்தப் பக்கம், வெள்ளைத் துணிமேல் அவருடைய இடது கை கிடந்தது. விரல்கள் பாதி மூடியிருந்தன. எதையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் எந்த அளவுக்கு மூடுமோ, அந்த அளவுக்கு.

மிச்சம் இருந்த நாள் எல்லாம் அப்படியே போயிற்று. ஸ்ரீலக்ஷ்மியின் மெஷின் அதற்கு முன்னாலும் பின்னாலும் யாருக்கும் அவ்வளவு துல்லியமாக ஓடியதில்லை. கட்டி சுருங்கியது. அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வலது கை தோளோடு பத்திரமாக இருந்தது. வடிவேலு மறுபடியும் கடலுக்குப் போனார். வலை இழுத்தார். டாக்டர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சாய்மா, நீ "அப்பாடா" என்று சொன்னது கேட்டது. ஆனால் ஐப்பசியில் அவர் செக்கப்புக்கு வந்தார்.

மழை விட்டிருந்தது. அதே ஒன்றரை மணி. தெருவில் தண்ணீர் தேங்கி, வானம் அதில் கிடந்தது. ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அன்புச்செல்வி அவருக்கு வலது பக்கம், ஒட்டினாற்போல. அவர் இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார். பள்ளம் வந்தபோது நின்றார்... இடது பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்... காத்திருந்தார்... பிறகு தாண்டினார்.

பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்தது. வலது கை இளைஞனுடைய கை மாதிரி. "அந்தக் கையையும் குடுங்கோ" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, சும்மா கேட்பது போல.

வடிவேலு கொஞ்சம் தயங்கினார். கூச்சப்படுகிற சிரிப்பு. கொடுத்தார்.

மழைத் தண்ணீரில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்ததாம். நகமெல்லாம் நீலம். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த தடங்கள், ஒன்று கொஞ்சம் வளைந்து. வெப்பமானியை வைத்தாள். அறைச் சூடு என்ன காட்டுமோ அதைக் காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கும் கீழே இறங்கியது.

"வலிக்கறதா?"

"வலியா? இன்னா மேடம் நீ..." என்று சிரித்தார். "ஜம்முனு கீது."

அவர் மாத்திரை வாங்கப் போனதும் அன்புச்செல்வி உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். மெலிந்து போயிருந்தாள். கையை மறைக்கவில்லை, எலுமிச்சம்பழமும் தேய்க்கவில்லை. மீன் வாசனை அறை முழுக்க வந்தது. அதற்கு மேலே இன்னொரு வாசனை வந்தது.

"ஆடி படையலப்போ அந்தச் சில்லு மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்துச்சு மேடம்" என்றாள். "பொரட்டாசில மொழங்கைக்கு வந்துச்சு. நேத்து ராத்திரி தொட்டுப் பாத்தேன். தோளத் தாண்டிருச்சு."

வெளியே வராந்தாவில் வடிவேலு யாரிடமோ தாழ்ந்த குரலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பதில் குரல் கேட்கவில்லை.

"நான் படிக்கல. எனக்கு ஒண்ணு சொல்லு மேடம்." அன்புச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். "இந்த நெஞ்சுக்குள்ள அடிச்சிக்கினு கீதே... அது எந்தப் பக்கமா கீது?"

ஸ்ரீலக்ஷ்மி வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அவள் கை, அவளை அறியாமல், தன் நெஞ்சின் இடது பக்கம் போய் நின்றுவிட்டது.

அன்புச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.